ஒரு குட்டி யானை, நாலு தோட்டம்

டவுன்ல இருக்கறவங்க ஒரே காரைப் பங்கு போட்டு ஆபீஸ் போறதைப் பத்திப் பேச்சு வந்தா, "தெரியாத ஆளை எப்படிங்க நம்பி வண்டியில ஏத்தறது?"ன்னுதான் முதல்ல கேக்கறாங்க. நாங்க பங்கு வண்டியில ஏத்தறது காய். ஆனா கேள்வி அதேதான். சொல்லப்போனா எங்களுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கு. ஆள் ஏறினா எறங்கற இடம் வந்ததும் எறங்கிப் போயிடுவார். காய் ஏறினா அதோட மூணு மாசத்துப் பாடு ஏறுது. அது வித்த பணம் இன்னொருத்தர் கையில திரும்பி வரணும்.

முதல்ல கணக்கைச் சொல்லிடறேன். கணக்கு புரிஞ்சாத்தான் நாங்க ஏன் முன்பின் தெரியாதவங்களோட சேர்ந்தோம்னு புரியும்.

எங்க தோட்டத்துல இருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட் 24 கிலோமீட்டர். தமிழ்நாட்டுப் பெரிய காய்கறி மார்க்கெட்டுகள்ல அதுவும் ஒண்ணு. அங்க வர்ற காய் நிறைய கேரளாவுக்குப் போகுது. நான் மொத்தமே ரெண்டே முக்கால் ஏக்கர்காரன். தக்காளி நல்லா காய்க்கிற சமயத்துல ஒரு பறிப்புக்கு 15 பெட்டி தேறும். அதுக்குத் தனியா ஒரு குட்டி யானை பிடிச்சா வாடகை 1,200 ரூபா. அப்ப பெட்டிக்கு 80 ரூபா. பெட்டி 15 கிலோ, கிலோ 10 ரூபாய்க்கு வித்தா ஒரு பெட்டி 150 ரூபா. அதுல வாடகை 80, கமிஷன் நூத்துக்குப் பத்து, பறிப்புக் கூலி, எறக்குக் கூலி எல்லாம் கழிச்சா மிஞ்சறதை வெச்சு ஒரு டீ குடிச்சுட்டு வீட்டுக்கு வரலாம்.

குட்டி யானைன்னா டாடா ஏஸ். 2005ல வந்த வண்டி, முக்கால் டன் ஏத்தலாம். எங்க மாதிரி சின்ன விவசாயிங்களுக்கு அது வந்தது பெரிய விஷயம். ஆனா அந்த முக்கால் டன்னை நிரப்ப ஒரு தோட்டம் பத்தாது. நாலு தோட்டத்துக் காய் சேர்ந்து 48 பெட்டி ஏறினா வாடகை பெட்டிக்கு 25 ரூபாயா எறங்கிடும். 80 எங்க, 25 எங்க. நம்பிக்கை, நட்பு எல்லாம் பிறகு வந்ததுங்க. முதல்ல வந்தது இந்த 55 ரூபா.

2013ல சேர்ந்தோம். நாலு பேரும் மூணு ஊர்க்காரங்க. ஒருத்தர் மேட்டுத் தோட்டத்துப் பெரியவர், அப்பவே அறுபது தாண்டினவர். இன்னொருத்தர் ரோட்டோரத் தோட்டத்துத் தம்பி, வெளியூர்ல லாரி ஓட்டிட்டு இருந்துட்டு ஊர் திரும்பினவர். மூணாவது ஆள் ஒண்ணேகால் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து வெள்ளாமை பண்றவர், அடுத்த ஊர் காலனியைச் சேர்ந்தவர். நாலாவது நான். ரோட்டுல பார்த்திருப்போம், அவ்வளவுதான். ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருத்தர் போனது கிடையாது.

எங்களைச் சேர்த்து வெச்சது டிரைவர் தம்பி. லோன் போட்டு வண்டி எடுத்திருந்தார். வண்டி நிரம்பாம ஓடினா அவருக்கும் மாசத் தவணை கட்ட முடியாது. அவர் எங்க நாலு பேரையும் தனித்தனியா அறிஞ்சவர். "அண்ணே, அவங்க வாடகை பாக்கி வைக்காத ஆளுங்க"ன்னு எங்கிட்டச் சொன்னார். என்னைப் பத்தி அவங்ககிட்டயும் அதையேதான் சொல்லியிருப்பார். நாங்க முதல்ல நம்பினது ஒருத்தரை ஒருத்தர் இல்ல, அந்தத் தம்பியைத்தான். ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஒரு ஆள் நடுவுல இருந்தாத்தான் இந்த மாதிரி காரியம் ஆரம்பிக்கும். பொண்ணு மாப்பிள்ளை பாக்கறதுக்கே அப்படித்தானே.

ஆரம்பத்துல நாலு பேரும் மார்க்கெட்டுக்குப் போனோம். வண்டியில டிரைவரோட சேர்த்து ரெண்டு பேருக்குத்தான் எடம். பின்னால காயோட ஆள் ஏறக் கூடாது. சரக்கு வண்டியில ஆள் ஏத்தறது சட்டப்படி தப்பு, ஏதாவது ஒண்ணு ஆயிட்டா இன்சூரன்ஸும் கைகொடுக்காது. அதனால ஒருத்தர் கேபின்ல, மத்த மூணு பேரும் பின்னாடியே டிவிஎஸ் வண்டியிலயும் பைக்லயும் போவோம். அவங்கவங்க பெட்டியை அவங்கவங்க காவல் காத்தோம். இப்ப நினைச்சா சிரிப்பா இருக்கு. வண்டி வாடகையை மிச்சம் பண்ணிட்டு பெட்ரோலுக்குச் செலவு பண்ணிட்டு இருந்தோம்.

அது ரெண்டு மாசம்கூட நிக்கல. காரணம் கரண்ட். எங்களுக்கு மோட்டார் ஓட்ட மும்முனை மின்சாரம் நாள் பூரா வராது. வர்ற நேரத்துல தோட்டத்துல ஆள் இருந்து மடை மாத்தியாகணும். மார்க்கெட்ல நின்னுட்டு இருந்தா இங்க வயல் காயும். நாலு பேர்ல மூணு பேர் தோட்டத்துல இருந்தாகணும்னா, ஒருத்தர் நாலு பேர் காயையும் கொண்டுபோய் வித்து, பணத்தோட வரணும். முறை வெச்சுக்கிட்டோம். இன்னைக்கு உங்க முறை, அடுத்த பறிப்புக்கு என் முறை.

சொல்றப்ப லேசா இருக்கு. முதல் தடவை என்னோட 15 பெட்டியை ஏத்தி விட்டுட்டு, வண்டி வளைவுல மறையறதைப் பார்த்துட்டு நின்னப்ப வயித்துல என்னமோ பண்ணிச்சு. வீட்டுக்காரம்மா கேட்டாங்க, "யாருன்னே தெரியாத ஆளு கையில குடுத்து அனுப்பிட்டு வந்திருக்கீங்களே, பணம் குறைச்சுக் குடுத்தா என்ன பண்ணுவீங்க?" பதில் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. மடை மாத்தப் போயிட்டேன்.

எங்க அப்பா காலத்துலயும் இப்படி ஒண்ணு இருந்துச்சு. அப்ப மாட்டு வண்டி. சந்தைக்கு முந்தின ராத்திரியே கிளம்புவாங்க. வேற வேற ஊர் வண்டிங்க மெயின் ரோட்டுல ஒண்ணு சேர்ந்து வரிசையாப் போகும். வழித்துணைன்னு சொல்வாங்க. வண்டிக்கு அடியில அரிக்கேன் விளக்கு ஆடிக்கிட்டே போகும். முன் வண்டிக்காரர் முழிச்சிருந்தாப் போதும், பின்னால வர்றவங்க தூங்கலாம், மாடு முன் வண்டியைப் பார்த்து நடக்கும். கொஞ்ச தூரம் போனதும் முன் வண்டிக்காரர் மாறுவார். தூங்கறவன் முழிச்சிருக்கறவனை நம்பினாத்தான் தூக்கம் வரும். எங்க முறை வெக்கறதும் கிட்டத்தட்ட அதுதான். ஒருத்தர் முழிச்சிருக்க, மூணு பேர் தோட்டத்தைப் பாக்கறது.

நம்பிக்கை ஒரே நாள்ல வந்துடலைங்க. காலிப் பெட்டியில இருந்துதான் ஆரம்பிச்சது. பிளாஸ்டிக் பெட்டி சொந்தமா வாங்கறது. மார்க்கெட்ல காயைக் கொட்டிட்டு காலிப் பெட்டி திரும்பி வரணும். ரெண்டு பெட்டி குறைஞ்சு வந்தாலே மனசு கசந்துடும். பங்கு வண்டியில பாதிச் சண்டை காசுக்கு இல்ல, காலிப் பெட்டிக்குத்தான். அதனால நாங்க ஆளுக்கொரு கலர் பெயிண்ட் அடிச்சோம். எனக்கு நீலம், பெரியவருக்கு மஞ்சள், தம்பிக்கு வெள்ளை, குத்தகைக்காரருக்குச் சிவப்பு. பெட்டி எண்ணிக்கை சரியா வர ஆரம்பிச்சது. பெட்டி சரியா வந்ததும் எடைச் சீட்டை நம்பினோம். சீட்டு சரியா வந்ததும் பணத்தை எண்ணாம வாங்க ஆரம்பிச்சோம். இதுக்கு ஒரு வருஷம் ஆச்சு.

நடுவுல ஒரு தடவை உடையற மாதிரி வந்துச்சு. அது ரெண்டாவது வருஷம். அன்னைக்கு ரோட்டோரத் தம்பியோட முறை. ஒரே கடை, ஒரே ஏலம். தம்பியோட தக்காளி பெட்டி 160க்குப் போச்சு. பெரியவரோடது 130. பெரியவர் பணத்தை வாங்கிட்டுப் பேசாமப் போயிட்டார். அடுத்த பறிப்புக்கும் பேசல. ஆனா முகத்துல தெரிஞ்சது. மூணாவது பறிப்புக்கு அவங்க வீட்டம்மா ரோட்டுக்கே வந்துட்டாங்க. வண்டி நிக்குது, நாங்க எல்லாரும் நிக்கறோம். "ஏன் தம்பி, ஒரே நாளு, ஒரே கடை. உனக்கு மட்டும் முப்பது ரூபா கூட எப்படி வந்துச்சு?"ன்னு நேராவே கேட்டுட்டாங்க.

எங்களுக்கு திக்குன்னு ஆயிடுச்சு. தம்பி கோவப்பட்டு "இனிமே உங்க காயை நீங்களே கொண்டு போங்க"ன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அவர் அப்படிச் சொல்லல. பெரியவரோட பெட்டியில ஒண்ணை எடுத்து சாக்கு விரிச்சுக் கொட்டினார். மேல நல்ல பழம். அடியில வெடிச்சதும், செங்காயும், பொடிப்பழமும் கலந்து கிடந்துச்சு. "ஆத்தா, ஏலம் கூவறவன் மேலாப்புல பாக்க மாட்டான். நடுவுல கையை விட்டுத்தான் பாப்பான். ஐயா ஒரு நாளைக்கு என்கூட வந்து பாக்கட்டும்"னார். பெரியவர் அன்னைக்கே எக்செல்ல பின்னாடியே போனார். பார்த்துட்டு வந்தார். அடுத்த பறிப்புல இருந்து அவங்க வீட்ல பழத்தைத் தரம் பிரிச்சு வேற வேற பெட்டியில போட ஆரம்பிச்சாங்க. விலையும் ஏறிச்சு.

அந்தம்மா அன்னைக்குக் கேட்டது எங்களுக்குப் பெரிய உதவி. எங்களுக்கு மேற்கால ஒரு ஊர்ல இதே மாதிரி அஞ்சு பேர் சேர்ந்து வண்டி விட்டாங்க. மூணு மாசத்துல கலைஞ்சு போச்சு. அங்க யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கல. எல்லாரும் மரியாதையாப் பேசிக்கிட்டே ஒவ்வொருத்தரா விலகிட்டாங்க. சந்தேகம் வர்றது தப்பில்லைங்க, பணம் சம்பந்தப்பட்ட இடத்துல வரத்தான் செய்யும். அதை மூஞ்சிக்கு நேரா கேக்கலாம், கேட்டா எதிராளி கோவிச்சுக்க மாட்டார்னு ஆனதுக்கு அப்புறம்தான் எங்க வண்டி நிதானத்துக்கு வந்துச்சு.

அதுக்கப்புறம் சில ஏற்பாடு வெச்சுக்கிட்டோம். எழுதி வெச்சதில்ல, ஆனா இன்னைக்கு வரைக்கும் மாறல. கடையில சீட்டு ஒவ்வொருத்தர் பேர்லயும் தனித்தனியாப் போடணும், மொத்தமா ஒரே சீட்டு வாங்கக் கூடாது. பணத்தை அன்னைக்கே பொழுது சாயறதுக்குள்ள குடுத்துடணும், நாளைக்குன்னு சொல்லக் கூடாது. வண்டி ஒரு தோட்டத்து முனையில பத்து நிமிஷம் நிக்கும், அதுக்கு மேல நிக்காது, பெரியவரா இருந்தாலும் சரி. வழியில பெட்டி சரிஞ்சு காய் நசுங்கினா யாரோட பெட்டின்னு பாக்கக் கூடாது, நஷ்டம் நாலு பங்கு. முறைக்காரரோட டீ, டிபன் செலவு மத்த மூணு பேரோடது. இப்பெல்லாம் சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டுடறோம், பணமும் ஜிபேல வந்துடுது. பெரியவருக்கு மட்டும் இன்னும் நோட்டாத்தான் வேணும்.

இனி சொல்லப்போறதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். எழுதாம விட்டா இந்தக் கதை பாதிதான்.

கிராமத்துல ஒரு புது ஆளைப் பார்த்தா "எந்த ஊரு?"ன்னு கேப்போம். அடுத்தது "யாரு வீடு?" அதுக்கு அடுத்தது "எந்தத் தெரு?" டவுன்ல இருக்கறவங்க இதைப் பாசம்னு நினைச்சுக்கறாங்க. பாசமும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. நாளைக்கு ஒண்ணுன்னா எங்க போய்ப் பிடிக்கறதுங்கற கணக்கும் அதுல இருக்கு. அந்த மூணாவது கேள்வியில சாதியும் இருக்கு.

குத்தகைக்காரரோட முறை முதல் தடவை வந்தப்ப அவர் கேபின்ல ஏறல. பின்னால பெட்டிங்களுக்கு நடுவுல ஏறி நின்னுக்கிட்டார். கேபின் சீட்டு முறைக்காரருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா யாரும் வாயைத் திறக்கல. பெரியவர் வேற பக்கம் பார்த்துட்டு இருந்தார். டிரைவர் தம்பிதான் எறங்கி வந்தார். "அண்ணே, பின்னால ஆள் நின்னா போலீஸ் எனக்குத்தான் பைன் போடும். முன்னால வாங்க"ன்னார். அவர் எங்களை ஒரு தடவை பார்த்துட்டு முன்னால போய் உட்கார்ந்தார். எங்க ஊர்ல யாரும் சொல்லாததை அன்னைக்கு ஒரு டிராபிக் சட்டம் சொல்லிடுச்சு.

அவர் கொண்டு வந்த கணக்கு மாதிரி சுத்தமான கணக்கை நாங்க யாரும் கொண்டு வந்ததில்ல. சில்லறை வரைக்கும் பிரிச்சு, ஆளுக்கொரு தாள்ல மடிச்சு, மேல பேர் எழுதிக் கொண்டு வருவார். ஒரு நாள் அவர்கிட்ட, "இவ்வளவு மெனக்கெட வேணாங்க"ன்னு சொன்னேன். "உங்க கணக்குல பத்து ரூபா குறைஞ்சா மறந்துட்டார்னு சொல்வாங்கண்ணே. என் கணக்குல குறைஞ்சா வேற பேச்சு வரும்"னார். அதுக்கு நான் என்ன சொல்ல. நம்பிக்கையைச் சம்பாதிக்க ஒருத்தர் செலவு பண்றது மாதிரி எல்லாரும் செலவு பண்றதில்ல. சிலருக்கு அது பொறக்கறப்பவே பாதி கெடைச்சிடுது, சிலர் ஒவ்வொரு பறிப்புக்கும் புதுசா சம்பாதிக்க வேண்டியிருக்கு.

2021ல, கொரோனா ரெண்டாவது அலை சமயம், அவர்தான் போன் பண்ணினார். "எங்க வீட்ல பையனுக்குக் காய்ச்சல். டெஸ்ட் குடுத்திருக்கோம். நான் வண்டிகிட்ட வரல. பெட்டியை ரோட்டோரம் வெச்சுட்டு தள்ளிப் போயிடறேன். ஏத்தறதும் விடறதும் உங்க இஷ்டம்"னார். மறைச்சிருக்கலாம். அந்த நேரத்துல காய்ச்சல்னு வெளிய தெரிஞ்சா ஊரே ஒதுக்கி வைக்கும், பழுத்த பழம் பூரா செடியிலயே அழுகும். அது தெரிஞ்சும் சொன்னார். பெட்டியைத் தண்ணி அடிச்சுக் கழுவி ஏத்தினோம். மூணு வாரம் அவர் முறையை நாங்க பார்த்தோம். பணத்தை அவங்க வாசல் திண்ணையில வெச்சுட்டு வருவோம். முதல் வாரம் கொண்டுபோய் வெச்சவர் பெரியவர்.

இதைச் சொன்னதும் பெரியவர் மாறிட்டார்னு நினைச்சுக்காதீங்க. அவர் அவங்க வீட்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. அவர் குடுக்கற பணத்தை எண்ணாம மடியில கட்டிக்குவார். ரெண்டும் ஒரே மனுசன்கிட்ட இருக்கு. வண்டியில ஒண்ணானோம். அதுக்கு மேல ஒண்ணானோம்னு எழுதினா அது பொய்.

இதையெல்லாம் நான் யோசிக்க ஆரம்பிச்சது என் பொண்ணால. அவ பெங்களூர்ல வேலை பாக்கறா. ஒரு பொங்கலுக்கு ரயில், பஸ் எதுலயும் டிக்கெட் கெடைக்கல. ஆம்னி பஸ்ல கேட்ட ரேட்டுக்கு நான் பத்து நாள் தக்காளி விக்கணும். "அப்பா, நான் பிளாபிளாகார்ல வர்றேன்"ன்னா. பேரைக் கேட்டதும் வெளையாடறான்னு நினைச்சேன். பிரான்ஸ் நாட்டுல 2006ல ஆரம்பிச்சதாம், இந்தியாவுக்கு 2015ல வந்துச்சாம். சொந்தக் கார்ல ஊருக்குப் போறவங்க காலியா இருக்கற சீட்டை அதுல போடுவாங்க. அந்தப் பக்கம் போறவங்க செலவைப் பங்கு போட்டுக்கிட்டு ஏறிக்குவாங்க. பேர் எப்படி வந்துச்சுன்னா, வழியில எவ்வளவு பேசுவீங்கன்னு முன்னாடியே குறிக்கணுமாம். பேசாத ஆள்னா ஒரு பிளா, கொஞ்சம் பேசினா ரெண்டு, வாய் ஓயாதவங்க மூணு. எங்க பெரியவரைப் போட்டா அஞ்சு பிளா போடணும்.

வீட்டுக்காரம்மாவுக்குக் கை கால் ஓடல. "தெரியாத ஆம்பளை கார்ல, ராத்திரியில, அவ்வளவு தூரமா?" அவங்க பயம் நியாயம்தான். பொண்ணு பொறுமையா விளக்கினா. அந்த ஆளோட போன் நம்பர், அடையாள அட்டை எல்லாம் சரிபார்த்திருக்கு. இதுக்கு முன்னாடி அவர்கூட வந்தவங்க எத்தனை ஸ்டார் குடுத்திருக்காங்க, என்ன எழுதியிருக்காங்கன்னு இருக்கு. கார்ல இன்னொரு பொண்ணும் வர்றா. வண்டி எங்க வருதுன்னு உங்க போன்ல தெரியும். பகல்லயே கிளம்பி ராத்திரி எட்டுக்கெல்லாம் திண்டுக்கல் வந்துடுவோம்.

அந்த டிரைவர்கிட்ட நானும் போன்ல பேசினேன். "எந்த ஊருங்க?"ன்னு கேட்டேன். மதுரைக்குத் தெற்கால ஒரு ஊர் பேர் சொன்னார். "அங்க எந்தப் பக்கம்"னு என் வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள பொண்ணு போனை வாங்கிட்டா. பிறகு தனியா சொன்னா, "அப்பா, அடுத்த கேள்வி என்னன்னு எனக்குத் தெரியும். அவரு எந்தத் தெருன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? எப்படி ஓட்டுவாருன்னு அவர்கூட வந்தவங்க எழுதியிருக்காங்களே, அது போதும்."

சேலம் தாண்டினதும் ஒரு போன், கரூர்ல டீ குடிக்கறப்ப ஒரு போன். எட்டரைக்கு திண்டுக்கல்ல கூட்டிக்கிட்டேன். எறங்கினப்ப அந்த ஆள் கார்ல இருந்து எறங்கி வந்து எனக்கு வணக்கம் சொன்னார். பங்குக்குப் பங்கு பேசின காசைத் தவிர ஒரு ரூபா கூட வாங்கல.

திரும்பி வர்ற வழியில பைக்ல அவ சொன்னதையே நினைச்சுட்டு வந்தேன். எங்க வண்டியிலயும் நடந்தது அதுதானே. தெருவை வெச்சு நாங்க யாரையும் நம்பல. நீலப் பெட்டி பதினஞ்சும் திரும்பி வந்துச்சா, சீட்டு சரியா இருந்துச்சா, பத்து நிமிஷத்துக்குள்ள ரோட்டுக்கு வந்தாரா. இதை வெச்சுத்தான் நம்பினோம். அவங்க போன்ல ஸ்டாரா எழுதி வெக்கறாங்க, நாங்க மனசுல எழுதி வெச்சுக்கறோம்.

வித்தியாசமும் இருக்கு. நடுராத்திரி சாலையில டயர் வெடிச்சா ஸ்டார் வந்து ஜாக்கி போடாது. எங்க வண்டி ஒரு தடவை கால்வாய் ஓரம் சரிஞ்சப்ப நாலு வீட்டு ஆளுங்களும் கயிறோட ஓடி வந்தாங்க. அதே சமயம், எங்க மாதிரி பன்னிரண்டு வருஷம் பழகித்தான் நம்பணும்னா பெங்களூர்ல இருந்து யாரும் ஊருக்கு வர முடியாது. போன்ல இருக்கற ஏற்பாடு ஒரு நாள் பயணத்துக்குப் போதும், வெள்ளாமைக்குப் போதாது. அடையாள அட்டையும் அப்படித்தான். உழவர் சந்தையில கடை போடணும்னா போட்டோ ஒட்டின அட்டை வேணும். அட்டையைப் பார்த்தா ஆள் யாருன்னு தெரியும். தராசுல எப்படி நிறுப்பார்னு நாலு தடவை வாங்கினாத்தான் தெரியும்.

டவுன்ல கார் பங்கு போட நினைக்கறவங்களுக்கு என்னால சொல்ல முடிஞ்சது இதுதாங்க. முதல் நாளே ரொம்ப நம்பிடவும் வேணாம், ரொம்ப பயப்படவும் வேணாம். ரெண்டு பேரையும் அறிஞ்ச ஒரு ஆள் இருந்தா நல்லது. சின்னதுல ஆரம்பிங்க. நேரத்துக்கு வர்றாங்களான்னு பாருங்க. பெட்ரோல் கணக்கை அன்னன்னைக்கே முடிச்சுடுங்க, மாசக் கடைசின்னு தள்ளாதீங்க. மனசுல ஏதாவது உறுத்தினா மூணு நாள் வெச்சுக்காம கேட்டுடுங்க. கேக்கறப்ப எங்க ஆத்தா மாதிரி எல்லார் முன்னாடியும் கேக்கணும்னு இல்ல, தனியா கேட்டாலும் சரிதான்.

இப்ப எங்க வண்டிக்கு அஞ்சாவதா ஒரு பையன் கேட்டு வந்திருக்கார். திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலையை விட்டுட்டு அரை ஏக்கர்ல கத்தரி போட்டிருக்கார். எங்க நாலு பேருக்கும் அவரைத் தெரியாது, டிரைவர் தம்பிக்கு மட்டும் கொஞ்சம் தெரியும். நாலு பேரும் பேசினோம். ஒரு மாசத்துக்கு ரெண்டு பெட்டி மட்டும் ஏத்தட்டும், முறை பிறகு பாக்கலாம்னு முடிவாச்சு. பெரியவர் வழக்கம்போல "எந்தத் தெரு"ன்னு ஆரம்பிச்சார். குத்தகைக்காரர்தான் குறுக்க பேசினார், "ஐயா, அதை விடுங்க, பெட்டிக்கு என்ன கலர்னு கேளுங்க." பெரியவர் ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, பையனைப் பார்த்துக் கேட்டார். பச்சையாம்.

புதன்கிழமை பறிப்பு. விலை நின்னாச் சரி.